பார்க்காத பக்கம்

அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்த அந்த நர்ஸைக் கணவரையும் மகளையும் தவிர எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார், பால் பாக்கெட் போடுகிறவர் கூப்பிட்டார், அவளைவிட மூத்தவளான நாத்தனார் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து அவள் முகம் சுளித்ததில்லை. குடித்துவிட்டு வந்து வார்டில் ரகளை செய்பவனைக் குரலை உயர்த்தாமலே வாசல்வரை நடத்திக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். மயக்கம் தெளிகிற நேரத்தில் சிலர் கைகாலைக் கண்டபடி உதறுவார்கள். ஒரு தடவை அப்படி உதை வாங்கி விலா வீங்கியபோதுகூட, ஷிஃப்ட் முடியும்வரை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்பேர்ப்பட்டவள் பயந்தது அச்சடித்த எழுத்துக்கு. டாக்டர் எழுதியதை எழுதியபடி செய்து செய்தே பழகிய கை அவளுடையது. அதனால் தடித்த அட்டைக்குள் ஒரு விஷயம் அச்சாகி இருந்தால் அதுவும் அவளுக்கு மேலிடத்து உத்தரவுதான். யார் எழுதினார், எதை வைத்து எழுதினார், சரியாகத்தான் எழுதினாரா என்றெல்லாம் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

நின்று நின்று முட்டி தேய்ந்துபோனதால்தான் அவள் ஆய்வுப் படிப்பில் சேர்ந்தாள். பட்டம் வாங்கிவிட்டால் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்ஸிங் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகலாம். உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நீ படி, சமையலை நான் பாத்துக்கறேன்" என்றவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அந்தச் சமையலைச் சாப்பிட்ட மகள்தான், "அம்மா, எப்படியாவது சீக்கிரம் படிச்சு முடிச்சிரும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நெறியாளராக வாய்த்த மேடம் பச்சை மையில் திருத்துகிறவர். துணைநூற்பட்டியலில் ஆண்டுக்குப் பின்னால் வரவேண்டிய புள்ளி வராவிட்டால் அந்தப் பக்கத்தையே சுழித்துத் திருப்பித் தருவார். ஆசிரியர் பெயர் முதலில், ஆண்டு அடுத்து, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர் சாய்வெழுத்தில், கடைசியில் பக்க எண். இந்த வரிசை பிசகினால் மேடத்தின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். அந்த உதட்டைப் பார்த்தாலே சிஸ்டருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனால் புள்ளியையும் காற்புள்ளியையும் அத்தனை கண்டிப்பாகப் பார்த்த மேடம், இந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு அவள் வார்டிலேயே இருந்தது. மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு, என்ன நடக்கும், எங்கே படுக்க வைப்பார்கள், கண் விழிக்கும்போது உடம்பில் என்னென்ன குழாய் இருக்கும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். மீதிப் பேருக்கு வார்டில் வழக்கமாகச் சொல்வது மட்டும். பிறகு எல்லோருக்கும் நாடி, ரத்த அழுத்தம் பார்த்துச் சில கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கணக்குப் போட்டுப் பார்த்ததில் விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் பயம் குறைவாக இருந்தது.

சிக்கல் அங்கேதான் வந்தது. அவளுக்கு முன்னால் இதே துறையில் ஆய்வேடு எழுதிய அத்தனை பேரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள். 'அறுவைக்கு முன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது நோயாளியின் அச்சத்தைக் கூட்டும்.' வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு பேராசிரியரின் பெயர், ஆண்டு. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதிய கட்டுரை அது. மேடமும் தன் கட்டுரை ஒன்றில் அதை எடுத்துக் காட்டியிருந்தார்.

அவ்வளவு பேர் சொல்லியிருக்கிறார்கள், அப்படியென்றால் தன் கணக்குத்தான் எங்கேயோ இடிக்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்த வரியைத் தானும் எழுதினாள். அதோடு நிற்காமல், தன் கணக்கு ஏன் வேறு மாதிரி வந்தது என்று ஒரு பத்தி எழுதினாள். நோயாளிகள் நர்ஸின் மனம் கோணக் கூடாது என்று பயத்தை மறைத்துப் பதில் சொல்லியிருக்கலாம் என்பது அந்தப் பத்தியின் சாரம். மேடம் அதற்குப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக் போட்டார். சிஸ்டருக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஆய்வேட்டை வடிவமைத்துக் கொடுத்தவர் பல்கலைக்கழகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தட்டச்சுக்காரர். ஓரம் இவ்வளவு, வரி இடைவெளி இவ்வளவு என்று எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறையில்லை.

"சிஸ்டர், இந்த ஒண்ணுக்கு மட்டும் பக்க நம்பர் இல்ல. லிஸ்ட்ல ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்றார்.

அது பேராசிரியரின் கட்டுரை. அவள் கைப்பையில் இருந்த வேறொருத்தருடைய ஆய்வேட்டின் நகலைப் புரட்டி அதிலிருந்த எண்ணைச் சொன்னாள்.

"பாத்துட்டீங்கல்ல? அப்புறம் மாத்தணும்னு வந்து நிக்கக் கூடாது."

"ம்" என்றாள். அவர் அந்த எண்ணை அடித்தார். பட்டியல் அழகாக இருந்தது.

ஆய்வேட்டை அட்டை போட்டுச் சமர்ப்பித்துச் சில மாதம் கழிந்தது. ஒருநாள் காலையில் வார்டில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது மேடத்திடமிருந்து ஃபோன் வந்தது. மேடம் சிரித்துப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உனக்கு யோகம்தான் போ. வைவாவுக்கு வெளியிலேர்ந்து யார் வர்றாங்க தெரியுமா? அவரேதான். நீ மேற்கோள் காட்டியிருக்கியே, அந்தப் பேராசிரியர். ரிட்டயர் ஆகி எங்கேயும் போறதில்லன்னாங்க, இதுக்கு ஒத்துக்கிட்டாராம். அவர் பேரை அத்தனை இடத்துல போட்டிருக்க, மனுஷன் குளிர்ந்துடுவார்."

"சரிங்க மேடம்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மேடமே ஃபோனை வைத்துவிட்டார். டிரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் படுத்திருந்த அம்மாள், "என்ன சிஸ்டர், மூஞ்சி வெளுத்துப் போச்சு? எனக்கு ஏதாவது மோசமா வந்திருக்கா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, வீட்டு விஷயம்" என்று சொல்லிச் சமாளித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று அந்த மனிதர் எதிர் இருக்கையிலிருந்து, எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்பதுபோல் இருக்கும். பட்டம் போவது ஒரு பக்கம். ஏமாற்றுக்காரி என்று பெயர் வந்தால் வார்டில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? மருந்து கொடுத்தாயா என்று டாக்டர் கேட்டால் கொடுத்தேன் என்று சொல்வாள், அவரும் மறுபேச்சின்றி நம்புவார். அந்த நம்பிக்கையில்தான் அவள் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

"என்னதான் ஆகும்? அடிச்சிருவாங்களா?" என்று கேட்டார் கணவர்.

"அடிச்சா பரவாயில்லங்க. ஒரு அடியோட போயிரும்."

அவர் தட்டைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "இன்னும் நாள் இருக்கே. இப்பவாவது அந்தக் கட்டுரையத் தேடிப் படிச்சிரேன்."

இந்தச் சின்ன விஷயம் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையில் தோன்றாமல் இல்லை. படித்தால் அதில் என்ன இருக்குமோ என்று அந்த நினைப்பு வரும்போதெல்லாம் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள்.

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய இதழ்களைப் பின்கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல்கள் ஆணி அடித்து மூடப்பட்ட நீண்ட அறை. கூரையில் ஈரம் படர்ந்து கறுத்திருந்தது. நூலக உதவியாளர் விளக்கைப் போட்டுவிட்டு, "கீழ் அடுக்குல கைய விடும்போது பாத்து விடுங்க, எலி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எலிக்கு அவள் பயப்படவில்லை. தூசு மூக்கில் ஏற, முட்டி வலிக்கக் குனிந்து நிமிர்ந்து தேடினாள். அந்த ஆண்டின் தொகுப்பு கிடைக்காமல் போய்விட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். கிடைத்துவிட்டது.

நின்றபடியே படித்தாள். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அந்த வரி இருந்தது, ஏறக்குறைய அதே சொற்களில். அப்பாடா என்று மூச்சு விடப்போனாள். அதற்குள் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. 'என்று நம் மருத்துவமனைகளில் பலரும் நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கை சரிதானா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.'

பக்கங்களைத் திருப்பினாள். அட்டவணைகள். நாடி, ரத்த அழுத்தம். அவள் போட்ட அதே மாதிரிக் கணக்கு. முடிவுரையில் அவர் பளிச்சென்று எழுதியிருந்தார்: நம்பிக்கை தவறு, பக்கத்தில் இருக்கப்போகிற ஒருவரே எடுத்துச் சொன்னால் நோயாளியின் அச்சம் குறைகிறது.

யாரோ ஒருவர் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து இன்னொருவர். அந்த வரிசையின் கடைசியில் அவள் நின்றாள். அவள் கையில் சரியான விடை இருந்தது. அதைப் பொய் என்று தானே எழுதி, அச்சடித்து, அட்டை போட்டுக் கொடுத்துவிட்டாள். அதையும் யார் தலையில் போட்டு எழுதினாள்? தேர்வு நடத்த வருகிறவர் தலையில். தொகுப்பை மூடக் கை வரவில்லை. அலமாரியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நகல் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் நகலைப் படித்தார். படிக்கப் படிக்க அந்த உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளவில்லை; வெறுமனே வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யாருக்காவது காட்டினியா?"

"இல்லைங்க மேடம்."

"காட்டாத. அவருக்கு வயசாச்சு. எப்பவோ எழுதினது, அவருக்கே ஞாபகம் இருக்காது."

"கேட்டுட்டா?"

"டைப் அடிச்ச ஆள் ஒரு வரிய விட்டுட்டான்னு சொல்லிரு. அவங்க விடறது சகஜம்தானே?" மேடம் நகலை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இது உன்னோட மட்டும் போற விஷயம் இல்ல. என் கட்டுரையிலயும் இருக்கு. எனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ வருது. புரிஞ்சுக்கோ."

இத்தனை நாளும் தன்னை நடுங்க வைத்த மேடத்தின் விரல்கள் நடுங்குவதை சிஸ்டர் பார்த்தாள். அதனால் அவள் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பெரியவர்களே பயப்படுகிற இடம் என்றால் தான் எந்த மூலை?

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடந்த அறை முதல் மாடியில், தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. வெளியே ஒரு பெஞ்சு. தன் வார்டில் ஸ்ட்ரெச்சருக்காகக் காத்திருக்கிறவர்களைப்போலக் கையைக் கோத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடித்தாள். உடனே தாகமெடுத்தது. மேடம் அவளைக் கடந்து உள்ளே போகும்போது, "ஞாபகம் இருக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பேராசிரியர் சின்ன உருவம். காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தார். ஆய்வேட்டில் அங்கங்கே மஞ்சள் தாள் ஒட்டி வைத்திருந்தார். அந்தத் தாள்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படவில்லை. நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தாள், எத்தனை மணிக்கு நாடி பார்த்தாள், அப்போது சொந்தக்காரர்கள் உடன் இருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வார்டு விஷயம் என்பதால் பதில் தானாக வந்தது. ஒரு கட்டத்தில், அவர் அதைக் கேட்கவே போவதில்லையோ என்று தோன்றியது. மேடத்தின் முகத்தில்கூட ரத்தம் திரும்பியிருந்தது.

கடைசி மஞ்சள் தாளைப் புரட்டினார்.

"என் பழைய கட்டுரை ஒண்ண நாலஞ்சு இடத்துல காட்டியிருக்கீங்க. சந்தோஷம். அதுல எந்தப் பகுதி உங்களுக்கு உபயோகமா இருந்துச்சு?"

குரலில் ஒரு சுருக்கென்ற தன்மையும் இல்லை. தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று வார்த்தை போதும்: டைப் அடித்தவர் விட்டுவிட்டார். கடையில் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் முதுகு நினைவுக்கு வந்தது.

"சார், எழுதும்போது அதை நான் படிக்கல."

பேராசிரியர் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டு, "என்ன சொன்னீங்க?" என்றார். அவள் அதை இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்லவேண்டி வந்தது. இரண்டாவது தடவை சொல்வதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

"மத்தவங்க ஆய்வேட்டுலேர்ந்து எடுத்துப் போட்டேன். பக்க நம்பரையும் அப்படித்தான். போன மாசம்தான் தேடிப் படிச்சேன். நீங்க எழுதினதுக்கு நேர் எதிரா எழுதியிருக்கேன்."

"இது உங்க நெறியாளருக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, "படிச்சதும் அவங்ககிட்ட காட்டினேன் சார்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பாராட்டுவார் என்றோ மன்னிப்பார் என்றோ நினைத்தவர்கள் யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் ஏமாந்துபோயிருப்பார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்திலும் அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஆரம்பத்துல ஒவ்வொருத்தருக்கா எழுதிப் போட்டேன், நான் அப்படிச் சொல்லலன்னு. யாரும் பதில் போடல. அப்புறம் விட்டுட்டேன். எத்தனை வார்டுல இந்த வரிய நம்பி நர்ஸுங்க வாய மூடிட்டு நின்னாங்களோ தெரியல." ஆய்வேட்டைத் திறந்து அந்தப் பத்தியின்மேல் விரலை வைத்தார். "அதையாவது விடுங்க. உங்க நோயாளிங்க பயத்த மறைச்சுப் பொய் சொல்லியிருக்கலாம்னு எழுதியிருக்கீங்களே, அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இல்ல சார்."

"நான் எழுதினத நம்பினீங்க. அதுவும் நான் எழுதாதத. உங்க கண்ணு முன்னால படுத்திருந்தவங்கள நம்பல."

கண்ணில் நீர் முட்டியது. வார்டில் அழக்கூடாது என்று பழகியிருந்ததால் விழாமல் பிடித்துக்கொண்டாள்.

முடிவை அன்றே சொன்னார்கள். பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் அவள் கையால் எடுத்துப் படித்திருக்க வேண்டும், படிக்காததை அடித்துவிட வேண்டும். மூல நூல் கிடைக்காமல் இன்னொருவர் எழுதியதிலிருந்து எடுத்தால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். வெளியே வந்ததும் தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். பயந்தது நடந்துவிட்டது. நடந்த பிறகும் பயம் போகவில்லை. நாளைக்கு வார்டில் என்ன சொல்வது என்று இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

வார்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் போனது. ஹெட் நர்ஸ் மட்டும் கேட்டாள்: "ஏன் சிஸ்டர், வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" இருந்திருக்கலாம்தான் என்றாள் இவள். அந்த வருஷம் காலியான கல்லூரி வேலை வேறொருத்திக்குப் போனது. மேடம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். திருத்தம் மட்டும் பச்சை மையில் வந்தது, வணக்கம்கூட இல்லாமல். ஆனால் மேடம் தன் பழைய கட்டுரைக்கு அந்த இதழிலேயே ஒரு திருத்தக் குறிப்பு அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டாள். தானாக அனுப்பினாரா, பேராசிரியர் எழுதச் சொன்னாரா என்பது தெரியவில்லை. ப்ரமோஷன் என்ன ஆனது என்று கேட்கும் தைரியமும் அவளுக்கு இல்லை.

ஷிஃப்ட் இல்லாத பொழுதுகளில் அவள் நூலகத்தின் பின்கட்டிலேயே கிடந்தாள். படிக்கப் படிக்க வேறு இடங்களிலும் தவறுகள் தென்பட்டன. ஒரு நூலில் அவள் காட்டிய அத்தியாயமே இல்லை. நீண்டு கிடந்த பட்டியல் பாதிக்கும் கீழே வந்தது. நோயாளிகளைப் பற்றி எழுதிய அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, கணக்கில் வந்ததை வந்தபடி எழுதினாள். இப்படி எழுதத் தனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அச்சு ஏறுகிறவரை பதறிக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டாவது வைவாவுக்கும் பேராசிரியரே வந்தார். இந்த முறை சில கேள்விகளோடு முடித்துக்கொண்டார். கிளம்பும்போது, "முட்டி வலின்னீங்களே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மட்டும் விசாரித்தார். முட்டி வலி என்று அவரிடம் எப்போது சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

வீட்டுக்கு ஃபோன் போட்டு, "பட்டம் குடுத்துட்டாங்க" என்றாள். கணவர் அந்தப் பக்கம் ஏதோ சொன்னார், மகள் பின்னால் கத்தினாள், ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பல மாதத் தூக்கம் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுபோல், டிக்கெட் எடுத்த கையோடு கண் அசந்துவிட்டது. அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. பணிமனையில் விளக்கை அணைத்துக்கொண்டே வந்த கண்டக்டர், கடைசிக்கு முந்தின இருக்கையில் தலை சாய்ந்து கிடந்தவளைப் பார்த்து, "அம்மா, எழுந்திரிங்க, பஸ் இதுக்கு மேல போகாது" என்று தட்டி எழுப்பினார்.